கொழுப்பு உறிஞ்சலும் கொழுப்பு மாற்றலும்

கொழுப்பு உறிஞ்சல் (லைப்போசக்சன்) என்பது தோலுக்கு அடியில் படிந்துள்ள கொழுப்பை, முனை மழுங்கிய மெல்லிய குழாய் ஒன்றின் வழியே உறிஞ்சி வெளியேற்றும் அழகியல் அறுவை மருத்துவ முறை ஆகும். அவ்வாறு எடுத்த கொழுப்பைத் தூய்மைப்படுத்தி, அதே மனிதரின் முகம், மார்பு, பிட்டம் போன்ற வேறோர் இடத்தில் செலுத்துவது கொழுப்பு மாற்றல் எனப்படுகின்றது. இவை உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சைகள் அல்ல. உடலின் வடிவத்தைத் திருத்துபவை. இவற்றுக்கான திட்டமிடலை இக்கட்டுரை காரைக்குடியை உள்ளடக்கிய செட்டிநாட்டுப் பகுதியின் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகின்றது.

வரலாறு

1926 இல் பிரான்சிய அறுவை மருத்துவர் சார்லசு துசாரியே ஒரு நடன மங்கையின் காலிலிருந்து கொழுப்பைச் சுரண்டி எடுக்க முயன்றார். இரத்தக் குழாய் சேதமுற்றுத் தசை அழுகியதால் அக்காலையே துண்டிக்க நேர்ந்தது. அதன் பின்னர் பல பத்தாண்டுகள் இத்துறையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. 1970களின் நடுவில் இத்தாலியைச் சேர்ந்த பிசர் என்னும் தந்தையும் மகனும் உறிஞ்சும் கருவியை உருவாக்கினர். பாரிசில் ஈவ் செரார் இல்லூசு 1977 அளவில் மழுங்கிய குழாயைப் பயன்படுத்தி இரத்தப் போக்கைக் குறைத்தார். 1985 இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் செப்ரி கிளைன், உப்புநீரில் லிடோகெயின் என்னும் மரப்பு மருந்தையும் அட்ரினலினையும் நீர்த்துக் கலந்து, கொழுப்புப் படலம் விம்மும் அளவுக்குச் செலுத்தும் முறையை அறிமுகப்படுத்தினார். இன்று பெரும்பாலும் பின்பற்றப்படுவது இம்முறையும் அதன் வேறுபாடுகளுமே.

கொழுப்பு மாற்றல் இதனினும் பழமையானது. செருமனியில் 1893 இல் குசுதாவ் நாய்பர் சிறு கொழுப்புத் துண்டுகளை முகத் தழும்பில் பொருத்தினார். எனினும் சீரான பலன் தரும் முறையாக அது அமைந்தது 1990களில் சிட்னி கோல்மன் வகுத்த வழிமுறைகளுக்குப் பின்னரே.

எந்தக் கொழுப்பு?

திட்டமிடலின் முதற் கேள்வி இதுவே. பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்வதும் இதனையே. வயிற்றில் கொழுப்பு இரண்டு இடங்களில் தங்குகின்றது. ஒன்று தோலுக்கு அடியில், விரல்களால் கிள்ளிப் பிடிக்கக்கூடிய படலம். மற்றொன்று வயிற்றுத் தசைச் சுவருக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் சூழ்ந்த உட்கொழுப்பு. உறிஞ்சு குழாய் முதலாவதை மட்டுமே அடைய இயலும்.

தெற்காசியர்களுக்கு, கைகால்கள் மெலிந்திருந்தும் வயிறு முன்தள்ளும் உடலமைப்பு பரவலாக உள்ளது. இத்தகைய தொப்பையில் உட்கொழுப்பின் பங்கு மிகுதி. கிள்ளினால் கையில் சிறிதளவே அகப்படும். வயிறோ பானை போல் உறுதியாக இருக்கும். இத்தகையோருக்கு உறிஞ்சலால் பயன் மிகக் குறைவு. உணவும் உடலுழைப்புமே வழி. பிள்ளைப்பேற்றுக்குப் பின் தசை தளர்ந்து தோல் தொங்கும் வயிற்றுக்கும் உறிஞ்சல் மட்டும் போதாது.

நீரிழிவு குணமாகும் என்னும் எதிர்பார்ப்பும் தவறானது. 2004 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் உடற்பருமன் கொண்ட 15 பெண்களிடமிருந்து சராசரியாக ஏறத்தாழ 10 கிலோகிராம் கொழுப்பு உறிஞ்சப்பட்டது. மூன்று மாதங்களுக்குப் பின் இன்சுலினின் செயற்பாட்டிலோ, இரத்த அழுத்தத்திலோ, இரத்தக் கொழுப்பிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை.

அறுவைக்கு முன்

எடை சில மாதங்களாவது நிலையாக இருத்தல் வேண்டும். புகைப்பிடிப்போர் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்னரே நிறுத்த வேண்டும். ஆசுபிரின், மீன் எண்ணெய், நாட்டு மருந்துகள் உட்பட உட்கொள்ளும் யாவற்றையும் மருத்துவரிடம் கூறுதல் அவசியம். இவற்றுள் சில இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துவன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். ஆகவே எமோகுளோபின் சோதனை இங்கு வெறும் சடங்கு அன்று.

ஒரே அமர்வில் உறிஞ்சும் மொத்த அளவு 5 லிட்டரைக் கடந்தால் அது பேரளவு உறிஞ்சலாகக் கருதப்படும். இரவு முழுதும் மருத்துவமனைக் கண்காணிப்பு தேவை. வயிறு, தொடை, கை அனைத்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்பது செலவைச் சுருக்கும் எண்ணமேயன்றி, பாதுகாப்பான திட்டம் ஆகாது.

தொலைவும் காலமும்

ஒரு செட்டிநாட்டுவாசி இத்தகைய அறுவைக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்கோ திருச்சிராப்பள்ளிக்கோ, அல்லது தொடருந்தில் ஏழு மணி நேரம் அளவில் பயணித்துச் சென்னைக்கோ செல்வதாகக் கொள்வோம். இத்தொலைவும் திட்டத்தின் ஒரு பகுதியே. லிடோகெயின் கொழுப்பிலிருந்து மெல்ல இரத்தத்தில் கலக்கின்றது. அதன் அளவு உச்சத்தை அடைவது மருந்து செலுத்தி ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்தே. காலையில் அறுவை முடித்து மாலையில் ஊர் திரும்பியவர், நச்சுத்தன்மையின் அறிகுறிகளான நாக்கு மரத்தல், காதிரைச்சல், குழப்பம் ஆகியவற்றை நள்ளிரவில் வீட்டில் எதிர்கொள்ள நேரலாம். முதல் இரவையேனும் மருத்துவமனைக்கு அருகில் கழிப்பது நன்று.

நெடுநேரம் அசையாது அமர்ந்திருப்பதும் கால் சிரைகளில் இரத்தம் உறைய வழிவகுக்கும். மலேசியா, சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்து, அறுவை முடித்துச் சில நாட்களில் வானூர்தி ஏறத் திட்டமிடுவோர் இதனைக் கருத வேண்டும்.

இறுக்க உடையைப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் அணிய வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் இது எளிதன்று. வீக்கம் முழுதும் வடிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். எனவே தை முகூர்த்தத்திற்கு மார்கழியில் அறுவை செய்துகொள்பவர் வீங்கிய உடலோடுதான் மணவறைக்குச் செல்வார்.

மாற்றிய கொழுப்பின் நிலை

செலுத்திய கொழுப்பு உயிர்வாழ, சுற்றியுள்ள திசுவிலிருந்து புதிய நுண்குழாய்கள் அதனுள் வளர வேண்டும். அதனாலேயே சிறு சிறு துளிகளாகப் பல அடுக்குகளில் செலுத்துகின்றனர். கணிசமான பகுதி எப்படியும் உடலால் உறிஞ்சப்பட்டுவிடும். சிலருக்கு இரண்டாம் அமர்வு தேவைப்படும். இறந்த கொழுப்பு எண்ணெய்க் கட்டியாகவோ சுண்ணாம்புப் படிவாகவோ எஞ்சலாம். மார்பில் செய்தவர்கள் பிற்காலத்தில் மார்பகக் கதிர்ப்படம் எடுக்கும்போது இதனைத் தெரிவித்தல் வேண்டும்.

பிட்டத்தில் கொழுப்பு செலுத்துவது அழகியல் அறுவைகளுள் மிக ஆபத்தானவற்றுள் ஒன்று. தசைக்குள் செலுத்தப்படும் கொழுப்பு பெருஞ்சிரைகளில் புகுந்து நுரையீரலை அடைத்து உடனடி மரணம் விளைவிக்கலாம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2019 இல் தசைக்குள் செலுத்துவதைத் தடைசெய்தது.

இடர்கள்

நோய்த்தொற்று, இரத்தம் உறைதல், கொழுப்புத் துகளடைப்பு, நுரையீரலில் நீர் சேர்தல், வயிற்றுச் சுவர் துளைபடல் ஆகியன அரிதாயினும் உயிருக்கு ஊறு விளைவிப்பன. 2022 மே 16 அன்று பெங்களூரில் 21 வயதான கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராச் கொழுப்பு நீக்க அறுவையைத் தொடர்ந்து உயிரிழந்தார். இளமையும் நல்ல உடல்நலமும் இருந்தால் இடர் இல்லை என்று கருதலாகாது.

தகுதி, சட்டம், செலவு

இந்தியாவில் ஒட்டுறுப்பு அறுவை மருத்துவத்தில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பட்டம் பெற்றோர் இதற்கெனவே பயின்றவர்கள். பயிற்சி பெற்ற தோல் மருத்துவர்களும் சிறிய அளவில் செய்கின்றனர். மருத்துவரின் பதிவைத் தமிழ்நாடு மருத்துவ மன்றத்தில் சரிபார்க்கலாம். மருத்துவமனை, 1997 ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். மயக்க மருத்துவர் யார், அவசரப் பிரிவு எங்கே என்பதைக் கேட்க நோயாளி தயங்க வேண்டியதில்லை.

2008 இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், இடர்கள் ஆகியவற்றை விளக்கிய பின் பெறுவதே செல்லத்தக்க ஒப்புதல் என்றும், ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதலைக் கொண்டு வேறொன்றைச் செய்ய இயலாது என்றும் தீர்ப்பளித்தது. எனவே எந்தெந்த இடத்தில் எடுப்பது, எங்கே செலுத்துவது என்பன ஒப்புதல் படிவத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

அழகுக்காக மட்டும் செய்யப்படும் அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கிடைப்பதில்லை. சரக்கு மற்றும் சேவை வரி விலக்கும் இல்லை. இறுக்க உடை, மறுபரிசோதனைப் பயணங்கள், தேவைப்படின் இரண்டாம் அமர்வு ஆகியவற்றையும் சேர்த்தே செலவைக் கணக்கிட வேண்டும்.