பாட்டி வேஷத்துக்கு முன்னால் அறுபது வருஷம்

‘சீனி கம்’ படம் பார்த்தவர்கள் அந்தத் தாயாரை மறந்திருக்க மாட்டார்கள். லண்டனில் பெரிய சமையல்காரராக இருக்கும் அமிதாப் பச்சனுக்குப் படத்தில் வயது அறுபத்து நாலு. வெளியே எல்லோரையும் அதட்டி மிரட்டுகிற மனிதர், வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் வாய் திறக்க முடியாது. “ஜிம்முக்குப் போ” என்று அந்தக் கிழவி விரட்டிக்கொண்டே இருப்பார். பால்கி இயக்கம், இளையராஜா இசை, பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு என்று நம்மவர்கள் சேர்ந்து செய்த இந்திப் படம் அது. 2007 மே மாதம் படம் வெளியானபோது அந்தத் தாயாருக்கு நிஜத்தில் 95 வயது முடிந்திருந்தது. அவர் ஜோஹ்ரா சேகல். மகனாக நடித்த அமிதாப் பிறப்பதற்கு ஏழு வருஷம் முன்பே நாட்டிய மேடை ஏறியவர்.

மணிரத்னத்தின் ‘தில் ஸே’யை ‘உயிரே’ என்று தமிழில் பார்த்தவர்களும் அவரைப் பார்த்திருப்பார்கள், ஷாருக் கானின் பாட்டியாக. ‘ஹம் தில் தே சுகே சனம்’, ‘வீர் ஸாரா’ என்று வரிசையாகப் பாட்டி வேஷங்கள். துறுதுறுவென்ற கண், குறும்புச் சிரிப்பு, யாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும் பேச்சு. அதனால் ‘பாலிவுட்டின் செல்லப் பாட்டி’ என்ற பட்டம் அவர்மேல் ஒட்டிக்கொண்டது. எனக்கு அந்தப் பட்டத்தின்மேல் கொஞ்சம் கோபம் உண்டு. இந்தி சினிமாவில் அவர் பாட்டியாக வலம் வந்தது பத்துப் பன்னிரண்டு வருஷம். அதற்கு முன்னால் அறுபது வருஷ உழைப்பு இருக்கிறது. அதில் பெரும்பகுதி மேடையில், அடுத்த பகுதி தொலைக்காட்சியில்.

1912 ஏப்ரல் 27இல் சஹாரன்பூரில் பிறந்தார். ரோஹில்லா பட்டாணியர் குடும்பம். ஒரு வயதிலேயே கண் அழுத்த நோய் வந்து இடது கண்ணில் பார்வை போய்விட்டது. மேடையில் நடனமாடுகிறவருக்கு ஒற்றைக் கண் என்றால் என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். எதிரே வருகிற ஆள் எத்தனை அடியில் நிற்கிறான், மேடை விளிம்பு எங்கே முடிகிறது என்பதெல்லாம் கணக்குப் போட்டுத்தான் தெரிய வேண்டும். சிறு வயதிலேயே தாயை இழந்தார். தன் பெண்கள் லாகூர் குயீன் மேரி கல்லூரியில் படிக்க வேண்டும் என்பது அந்தத் தாயின் ஆசை. பர்தா முறை கெடுபிடியாக இருந்த இடம் அது.

அங்கே படித்து வெளியே வந்த பெண்ணுக்குக் கல்யாணம் பேசுவார்கள் என்றுதானே நினைப்போம்? 1930இல் ஜோஹ்ரா மாமாவின் காரில் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். கப்பல் பயணம் கடைசியில்தான். லாகூர், குவெட்டா தாண்டி, ஈரான், சிரியா, பாலஸ்தீனம் வழியாகத் தரைமார்க்கமாகவே எகிப்து வரை போய், அங்கிருந்து கப்பல் ஏறினார்கள். நடிப்புப் படிக்கலாம் என்று போனவர், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மேரி விக்மனின் நடனப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே படித்த முதல் இந்தியர் அவர்தான். அழகுக் கோணங்களைவிட உடம்பின் உள்ளிருந்து வரும் விசைக்கு முக்கியத்துவம் கொடுத்த நவீன நடனம் அது. மூன்று வருஷம் படித்தார்.

அந்த நாட்களில்தான் நடனக் கலைஞர் உதய் சங்கரின் சிவ பார்வதி நடனத்தை ஐரோப்பாவில் பார்த்தார். நேரே போய் அவரிடம் பேசினார். ஊர் திரும்பியபின் 1935இல் தந்தி வந்தது: ஜப்பான் பயணம் கிளம்புகிறோம், உடனே வர முடியுமா? முடிந்தது. ஜப்பான், எகிப்து, ஐரோப்பா, அமெரிக்கா என்று அந்தக் குழுவோடு சுற்றினார். பிறகு உதய் சங்கர் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் கலை மையம் தொடங்கியபோது ஜோஹ்ரா அங்கே ஆசிரியை ஆனார். ஐந்து வருஷ நடனப் பாடத்திட்டத்தை வகுத்தவர் அவர்தான்.

அல்மோரா என்றால் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. பாலசரஸ்வதியின் குரு கந்தப்ப பிள்ளை அங்கே போய்ப் பரதம் சொல்லிக்கொடுத்தார். கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, இசைக்கு அலாவுதீன் கான். மாணவர்களில் ஒருவர் பிற்காலத்தில் பெரிய இயக்குநரான குரு தத். அவர் 1951இல் முதல் படம் ‘பாஸி’ எடுத்தபோது நடனம் அமைத்துக் கொடுத்தது, அல்மோராவில் தனக்குச் சொல்லிக்கொடுத்த ஜோஹ்ராதான்.

அல்மோராவில் படிக்க வந்த இன்னொருவர் காமேஷ்வர் சேகல். இந்தூர்க்காரர். விஞ்ஞானம் படித்தவர், ஓவியம் வரைபவர், நடனம் ஆடுபவர். ஜோஹ்ராவைவிட எட்டு வயது சிறியவர், இந்து. வீட்டில் முதலில் முணுமுணுப்பு இருந்தது, பிறகு ஒப்புக்கொண்டார்கள். 1942 ஆகஸ்ட் 14இல் கல்யாணம். வருவதாக இருந்த நேரு வரவில்லை. வெள்ளையனே வெளியேறு தீர்மானத்துக்காக அதற்கு ஐந்து நாள் முன்புதான் அவரைச் சிறையில் வைத்திருந்தார்கள்.

தம்பதிகள் லாகூரில் நடனப் பள்ளி தொடங்கினார்கள். மதச் சண்டையின் வாடை அடிக்க ஆரம்பித்தது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பம்பாய்க்கு வந்தார்கள். இனிமேல்தான் ஜோஹ்ராவின் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கிற பகுதி.

1945இல் பிருத்வி தியேட்டரில் சேர்ந்தார். மாதச் சம்பளம் 400 ரூபாய். சினிமாக்காரர்கள் வாங்கியதோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. ஜோஹ்ரா அந்தக் குழுவில் 14 வருஷம் இருந்தார். பிருத்விராஜ் கபூர் சினிமாவில் சம்பாதித்ததைக் கொட்டி நடத்திய நாடகக் கம்பெனி அது. பதினாறு வருஷத்தில் 2,662 தடவை நாடகம் போட்டார்கள். பம்பாய் ராயல் ஆப்பரா ஹவுஸில் காலைக் காட்சி, இல்லாவிட்டால் ஊர் ஊராக ரயில் பயணம். திரைச்சீலை, விளக்கு, சமையல் பாத்திரம் எல்லாம் கூடவே வரும். நம் ஊர் பாய்ஸ் கம்பெனிக் கதைகளைத் தாத்தா வாயால் கேட்டவர்களுக்கு இந்த வாழ்க்கை நன்றாகப் புரியும். வித்தியாசம் என்னவென்றால், இங்கே பர்தாப் பள்ளியில் படித்து ஐரோப்பாவில் தேறிய, குழந்தை பெற்ற ஒரு பெண், கூட்டத்தோடு கூட்டமாக ரயில் பெட்டியில் உட்கார்ந்து போகிறாள்.

நாடகம் முடிந்ததும் பிருத்விராஜ் வாசலில் தலை குனிந்து நிற்பார். ஜோல்னாத் துணியை ஏந்திக்கொண்டு, வெளியே போகிறவர்களிடம் அகதிகளுக்கும் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கும் காசு கேட்பார். அந்தக் குழுவின் ‘தீவார்’ 1945இல், நாடு பிரிவதற்கு இரண்டு வருஷம் முன்பே, பிரிவினை வேண்டாம் என்று பேசியது. ‘பட்டான்’ இந்து முஸ்லிம் நட்பைப் பேசியது. 1947க்கு முன்னும் பின்னும் ரத்த ஆறு ஓடிய ஊர்களில் இதை மேடை ஏற்றினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. மேடையில் நின்றவர்களில் ஒருத்தி இந்துவைக் கட்டிய முஸ்லிம் பெண்.

ஜோஹ்ராவின் வேலை அங்கே இரண்டு. நடனம் சொல்லிக்கொடுப்பது, குணச்சித்திர வேஷம் கட்டுவது. கதாநாயகி வேஷம் தங்கை உஸ்ராவுக்கு. உஸ்ரா அழகி. தன் முகத்தைப் பற்றி ஜோஹ்ராவுக்கு எந்த மயக்கமும் கிடையாது. “இப்போது என்னைக் கிழவியாக, அவலட்சணமாகப் பார்க்கிறீர்கள், இளமையில் பார்த்திருக்க வேண்டும், அப்போதும் அவலட்சணம்தான்” என்று பேட்டி எடுக்க வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். கேட்கிறவர்களுக்கு வேடிக்கை. பதினான்கு வருஷம் தங்கை கதாநாயகியாக நிற்க, பக்கத்து வேஷம் கட்டிய ஒருவர் சொல்கிறார் என்று நினைத்துக் கேட்டால் அதன் எடையே வேறு. பாட்டி வேஷத்தில் நாம் ரசித்த அத்தனையும் அந்தப் பக்கத்து வேஷங்களில் தேறியவைதான். நாலு வரி வசனத்தில் ஆளை நிறுத்திக் காட்டும் வித்தை கதாநாயகிக்குத் தேவைப்படாது. குணச்சித்திர நடிகைக்கு அதுதான் சோறு.

நடுவில் சினிமாவும் உண்டு. 1946இல் கே.ஏ. அப்பாஸின் ‘தர்த்தி கே லால்’, சேத்தன் ஆனந்தின் ‘நீச்சா நகர்’. இரண்டாவது படம் கான் விழாவில் பெரும் பரிசைப் பகிர்ந்துகொண்டது.

1959இல் காமேஷ்வர் அகாலத்தில் இறந்தார். பிருத்வி தியேட்டரும் அடுத்த வருஷம் மூடிவிட்டது. இரண்டு பிள்ளைகள். தில்லியில் நாட்டிய அகாதெமி ஒன்றில் கொஞ்ச நாள் வேலை. 1962இல் நாடகம் படிக்கும் உதவித்தொகையோடு லண்டனுக்குப் போனார். அப்போது வயது ஐம்பது. மறு வருஷம் சங்கீத நாடக அகாதெமி விருது கொடுத்தார்கள். வாங்கியவர் அயல்நாட்டில் வாய்ப்புக்காக அலைந்துகொண்டிருந்தார்.

அறுபதுகளின் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் இந்தியர்களுக்கு இருந்த இடத்தைத் தெரிந்துகொள்ள ‘டாக்டர் ஹூ’ தொடர் ஒன்றே போதும். 1965இல் சிலுவைப் போர் பற்றிய கதை. சுல்தான் சலாஹுத்தீனாக முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நடித்தவர் ஓர் ஆங்கிலேயர். உலகம் சுற்றி ஆடிய பட்டாணியப் பெண்ணுக்குக் கிடைத்தது ஒரு சிறு வேஷம். கிப்ளிங் கதை ஒன்றின் பிபிசி தயாரிப்பிலும் அதே காலத்தில் நடித்தார். வாய்ப்பு எப்போதோ வரும், போகும். ஆனாலும் ஊருக்குத் திரும்பவில்லை. எழுபதுகளில், குடியேறிய ஆசியக் குடும்பங்களுக்காக பிபிசி ஒளிபரப்பிய ‘படோசி’யின் 26 பகுதிகளில் வந்தார். சில பகுதிகளுக்கு உதவி இயக்கமும் செய்தார்.

பெரிய வாய்ப்பு 1984இல் வந்தது, 71 வயதில். பால் ஸ்காட்டின் நாவல்களை வைத்து கிரனாடா தொலைக்காட்சி 14 பகுதிகளாக எடுத்த ‘தி ஜுவல் இன் தி கிரவுன்’. அதில் லேடி சாட்டர்ஜி வேஷம். கதை தொடங்குவது 1942இல். ஆகஸ்ட் கலவரத்தில் ஊரே பற்றி எரிகிறபோது, தன் வீட்டில் தங்கியிருக்கும் ஆங்கிலேயப் பெண்ணுக்கு அரணாக நிற்கிற சீமாட்டி. அதே ஆகஸ்டில் தான் மணக்கோலத்தில் நின்றதையும், வரவேண்டிய விருந்தாளி சிறையில் இருந்ததையும் நினைவில் வைத்திருக்கும் ஒருத்தி அந்த வேஷத்தைச் செய்கிறார். குரலை உயர்த்தவே மாட்டார். ஆங்கிலேய அதிகாரியிடம் மரியாதை குறையாமல் பேசிக்கொண்டே, அவர் இருக்க வேண்டிய தூரத்தைக் கழுத்தின் ஒரு திருப்பலில் காட்டிவிடுவார். என் கணக்கில் அவருடைய ஆகச் சிறந்த நடிப்பு அது. எந்தப் பாட்டி வேஷமும் கிட்டே வராது. அடுத்து சானல் ஃபோரில் சயீத் ஜாஃப்ரியோடு ‘தந்தூரி நைட்ஸ்’ என்ற நகைச்சுவைத் தொடர். பிரிட்டிஷ் வரவேற்பறைகளில் அவர் தெரிந்த முகமானார்.

உஸ்ரா அறுபதுகளில் பாகிஸ்தானுக்குப் போய்விட்டிருந்தார். ஒரே மேடையில் நின்ற அக்கா தங்கைக்கு நடுவில் எல்லை வந்துவிட்டது. 1993இல் லாகூர் அஜோக்கா குழுவுக்காக ஷாஹித் நதீம் ஒரு நாடகம் எழுதினார், ‘ஏக் தீ நானி’. பல வருஷம் பிரிந்திருந்து சந்திக்கும் இரண்டு சகோதரிகளின் கதை. நடித்தவர்கள் ஜோஹ்ராவும் உஸ்ராவும். அக்காவுக்கு எண்பது கடந்திருந்தது, தங்கைக்கு எழுபது கடந்திருந்தது. இரண்டு நாட்டு அரசாங்கங்களும் பேசிக்கொள்ளாத காலத்திலும் அந்த நாடகம் இரு பக்கமும் பேர் வாங்கியது. 2001இல் லாஸ் ஏஞ்சலீஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அதன் ஆங்கில வடிவத்தையும் போட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் இந்தியாவுக்கே திரும்பினார். பாட்டி வேஷங்கள் குவிந்தன. 2007இல் ரண்பீர் கபூரின் முதல் படமான ‘சாவரியா’வில் வீட்டுச் சொந்தக்காரியாக நடித்தார். ரண்பீர், 400 ரூபாய் சம்பளம் கொடுத்த பிருத்விராஜின் கொள்ளுப்பேரன். மேடையையும் விடவில்லை. உருதுக் கவிதைகளைக் கையில் தாள் இல்லாமல் ஒப்பிப்பார். ஹஃபீஸ் ஜலந்தரியின் இளமைக் கவிதையை அவர் சொல்லி முடிக்காமல் கூட்டம் எழுந்திருக்காது. உடற்பயிற்சியைத் தொண்ணூறு தாண்டியும் நிறுத்தவில்லை.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர். தான் செத்தால் மதச் சடங்கும் வேண்டாம், கலை நிகழ்ச்சியும் வேண்டாம், மின் மயானத்தில் எரித்துவிடுங்கள் என்று சொல்லிவைத்திருந்தார். சாம்பலை மயானத்தார் வைத்துக்கொள்ள மறுத்தால் வீட்டுக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட்டுவிடுங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

பத்மஸ்ரீ 1998இல் வந்தது, 85 வயதில். பத்ம விபூஷண் 2010இல், 97 வயதில். விருது கொடுத்த அரசிடம் அவர் கடைசிக் காலத்தில் ஒன்றே ஒன்று கேட்டார்: கலைஞர்களுக்கான ஒதுக்கீட்டில் தரைத்தள வீடு ஒன்று. 2014 ஜூலை 10ஆம் தேதி தில்லியில் 102 வயதில் இறந்தார். வீடு கடைசிவரை கிடைக்கவில்லை.