வட்டி எங்கிருந்து வருகிறது?

(இரண்டாமாண்டு, இளங்கலை வரலாறு)

'பணம் பத்தும் செய்யும்' என்பது பழமொழி. அந்தப் பணத்தை நாம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தருவோர் அரியர். பள்ளியில் கூட்டு வட்டிக் கணக்குப் போட்டிருக்கிறோம். தேர்வு முடிந்ததும் அதை மறந்தும் இருக்கிறோம். நான் வரலாற்று மாணவன். முதன்மைப் பாடத்திற்கு வெளியே விருப்பப் பாடம் ஒன்றைப் படித்தாக வேண்டும் என்ற விதியால், வணிகவியல் துறை நடத்தும் முதலீட்டு அடிப்படைகள் வகுப்பில் சேர்ந்தேன். பங்குச் சந்தையில் விரைவில் பணம் பண்ணும் வழியைச் சொல்வார்கள் என்ற ஆவலோடு வந்தவர்கள் எங்களுள் பலர். ஆனால் அந்தப் பருவம் முழுவதும் கற்றவற்றைத் தொகுத்துப் பார்த்தால், எல்லாம் ஒரே கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன. 'எவ்வளவு வட்டி தருவீர்கள்?' என்று கேட்பதற்கு முன், 'அந்த வட்டி உங்களுக்கு எங்கிருந்து வருகிறது?' என்று கேட்க வேண்டும். அக்கேள்வியின் பயனை இங்கே விளக்க முற்படுகிறேன்.

சேமிப்பும் முதலீடும்

செலவு போக மிச்சம் பிடிப்பது சேமிப்பு. அந்த மிச்சத்தை மேலும் பொருள் ஈட்டும்படி ஓரிடத்தில் இடுவது முதலீடு. அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த நூறு ரூபாய் பத்தாண்டு கழித்தும் நூறு ரூபாய்தான். ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுவதாகக் கொண்டால், இன்று நூறு ரூபாய்க்கு வாங்கும் பொருளுக்குப் பத்தாண்டு கழித்து 179 ரூபாய் தர வேண்டும். திருடன் வராமலே பானையிலிருந்த பணம் தேய்ந்துவிட்டது! வங்கி 7 விழுக்காடு தருகிறது, விலைவாசி 6 விழுக்காடு ஏறுகிறது என்றால், நமக்கு மெய்யாகக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான்.

காலம் செய்யும் வேலை

பத்தாயிரம் ரூபாயை 8 விழுக்காட்டில் 30 ஆண்டுகளுக்கு இடுவதாகக் கொள்வோம். தனி வட்டியானால் முடிவில் கிடைப்பது 34,000 ரூபாய். கூட்டு வட்டியானால் 1,00,627 ரூபாய். வட்டியும் முதலோடு சேர்ந்து குட்டி போடுவதால் வரும் வேறுபாடு இது. இதில் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. முதல் பத்தாண்டில் தொகை 21,589 ஆகிறது. இருபதாண்டில் 46,610 ஆகிறது. கடைசிப் பத்தாண்டில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல் கூடுகிறது. ஆகவே, தொகை பெரிதாக இருப்பதைவிடத் தொடக்கம் முந்தியதாக இருப்பது நல்லது.

பணம் எத்தனை ஆண்டில் இரட்டிக்கும் என்பதை மனக்கணக்காகவே அறியலாம். 72-ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் போதும். அஞ்சலகத்தில் விற்கும் கிசான் விகாஸ் பத்திரம் 1988-இல் தொடங்கப்பட்டபோது ஐந்தரை ஆண்டில் பணம் இரட்டிப்பாகும் என்றார்கள். 72-ஐ ஐந்தரையால் வகுத்தால் 13. அக்கால வட்டி ஏறத்தாழ 13 விழுக்காடு என்று தெரிகிறது. 2023 ஏப்ரலில் அதே பத்திரத்திற்கு 7.5 விழுக்காடு என அறிவித்து, 115 மாதத்தில் இரட்டிப்பாகும் என்றார்கள். 72-ஐ 7.5-ஆல் வகுத்தால் 9.6 ஆண்டு, அதாவது 115 மாதம். கணக்கு நேராக இருக்கிறது.

வட்டியின் ஊற்றுக்கண்கள்

வங்கி நம் பணத்தை வீடு கட்டுவோருக்கும் தொழில் செய்வோருக்கும் கூடுதல் வட்டிக்குக் கடனாகக் கொடுக்கிறது. அதில் ஒரு பகுதியை நமக்குத் தருகிறது. வங்கியும் நொடிக்கக்கூடும். 1960-இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்த பிறகே, 1962 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அன்று காப்பீடு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரியில் அது ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

ஏலச்சீட்டின் ஊற்று வேறு. இருபது பேர் மாதம் ஆயிரம் ரூபாய் போட்டால் தொகை இருபதாயிரம். பணமுடை உள்ளவர் நாலாயிரம் தள்ளிப் பதினாறாயிரத்துக்குச் சீட்டை எடுக்கிறார். நாலாயிரத்தில் சீட்டு நடத்துபவருக்கு ஆயிரம் போக, மீதி மூவாயிரம் இருபது பேருக்கும் தலைக்கு நூற்றைம்பதாகப் பிரிகிறது. நமது ஆதாயம் இன்னொருவரின் அவசரத்திலிருந்து வருகிறது. அவர் தொடர்ந்து கட்டுவாரா என்பதே அதில் உள்ள இடர். பதிவு செய்த சீட்டுகளுக்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டம் காவல். வாய்ச்சொல்லில் நடக்கும் சீட்டுக்கு நடத்துபவரின் நாணயம் மட்டுமே காவல்.

பங்கு வாங்குபவர் ஒரு தொழிலின் சிறு உரிமையாளர் ஆகிறார். தொழில் இலாபம் கண்டால் பங்காதாயமும் விலையேற்றமும் உண்டு, இல்லையேல் இல்லை. மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீடு 1978-79-ஐ நூறு எனக் கொண்டது. அது 1990 ஜூலையில் ஆயிரத்தையும், 2024 ஜூலையில் எண்பதாயிரத்தையும் தாண்டியது. இதை மட்டும் கேட்டால் வாயூறும். அதே குறியீடு 2008 ஜனவரியில் 21,000 அளவில் இருந்து, 2009 மார்ச்சில் 8,000 அளவுக்குச் சரிந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அடுத்த ஆண்டு தங்கையின் திருமணத்துக்கு வேண்டிய பணத்தை அங்கே வைக்கலாகாது. பதினைந்து ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்தில் ஒரு பகுதியை வைக்கலாம். அதையும் ஒரே நிறுவனத்தில் போடாமல் பல நிறுவனங்களில் பிரித்து வைப்பது அறிவுடைமை. பரஸ்பர நிதிகள் சிறு தொகைக்கும் இவ்வசதியைத் தருகின்றன.

ஊற்றில்லாத கிணறு

இனி, விடை சொல்ல முடியாத வட்டிக்கு வருவோம். 1920-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி என்பவர், 45 நாளில் 50 விழுக்காடு தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டினார். வெளிநாட்டு அஞ்சல் கூப்பன் வாணிகத்தில் வரும் இலாபம் என்றார். உண்மையில் பின்னே வந்தவர் பணத்தை எடுத்து முன்னே வந்தவருக்குக் கொடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் எல்லாம் சரிந்தது.

கணக்கைப் பாருங்கள். நூறு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்தால் ஒரு கோடி. மாதம் பத்து விழுக்காடு தருவதானால் மாதத்துக்குப் பத்து லட்சம் வேண்டும். தொழில் எதுவும் இல்லையெனில் பத்தே மாதத்தில் கஜானா காலி. அதை ஒத்திப்போட ஒரே வழி, புதிதாக ஆள் சேர்ப்பது. அதனால்தான் இத்தகையோர் 'இன்னும் இருவரைக் கூட்டி வாருங்கள்' என்கிறார்கள். 2012-இல் ஈரோடு மாவட்டத்தில் ஈமு கோழித் திட்டங்கள் நொடித்தபோதும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்தக் கோழியின் கறியையும் முட்டையையும் வாங்குபவர் யார்?

இது எனக்கு ஏட்டுப் பாடம் மட்டுமன்று. என் பெரியப்பா பஞ்சாலைத் தொழிலாளி. அவர் மறைந்த பின் வந்த மூன்று லட்சத்தைப் பெரியம்மா, எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இருந்த ஒரு நிதி நிறுவனத்தில் மூன்று வட்டிக்குப் போட்டார். மாதம் தவறாமல் ஒன்பதாயிரம் வந்தது. பதினான்கு மாதம் கழித்து ஒரு காலையில் அங்கே பூட்டுத்தான் தொங்கியது. அக்காவின் செவிலியர் படிப்பு அதோடு நின்றது. 'வட்டி ஒழுங்காத்தானப்பா வந்துச்சு' என்று பெரியம்மா இன்றும் சொல்வார். அவருக்கு வந்தது மொத்தம் 1,26,000 ரூபாய். போனது 1,74,000 ரூபாய். வட்டி என்று கையில் வாங்கியது அவரது மூன்று லட்சத்தின் சில்லறையே என்பதை இந்த வகுப்பில்தான் நான் விளங்கிக்கொண்டேன். மாதம் தவறாமல் வந்த பணமே நம்பிக்கையை வளர்த்தது. அந்த நம்பிக்கையே அக்கம்பக்கத்தாரையும் அங்கே அழைத்துச் சென்றது.

கேட்க வேண்டியவை

சட்டங்கள் இல்லாமல் இல்லை. வைப்பீட்டாளர் நலன் காக்கத் தமிழ்நாடு 1997-இல் சட்டம் இயற்றியது. ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2019-இல் வந்தது. புகார் செய்யப் பொருளாதாரக் குற்றப் பிரிவு இருக்கிறது. ஆயினும் சட்டம் வருவது பெரும்பாலும் பணம் போன பிறகே. முன்கூட்டிக் காப்பது நம் கேள்விகள்தாம்.

வட்டி எந்தத் தொழிலிலிருந்து வருகிறது? ரிசர்வ் வங்கியிலோ, செபியிலோ, சீட்டுப் பதிவாளரிடமோ முறையாகப் பதிவு உண்டா? அவசரத்துக்குப் பணத்தை எடுக்க முடியுமா? விலைவாசி போக எவ்வளவு மிஞ்சும்? ஊரார் தருவதைவிட இவர் மட்டும் பன்மடங்கு தருவது எப்படி?

நண்பர்களே, நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். ஓய்வூதியமோ, நிலம் விற்ற பணமோ வீட்டுக்கு வரும்போது, பெரியவர்கள் நம்மிடம்தான் படிவத்தைக் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொல்வார்கள். அப்போது வட்டி வீதத்தை மட்டும் படித்துக் காட்டாமல், அதன் ஊற்றையும் தேடிச் சொல்வோமாக. விடை தெளிவாகக் கிடைக்காத இடத்தில் கையெழுத்திட வேண்டாம் என்று துணிந்து தடுப்போமாக.