புரஸ்டேட் புற்றுநோய்: சிகிச்சைக்குப் பின்னரான மௌனம்

மஹரகமவிலோ தெல்லிப்பழையிலோ புரஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் ஆண்களிற் பலர், நோயைப் பற்றிப் பேசினாலும் அதன் பின்விளைவுகளைப் பற்றி வாய் திறப்பதில்லை. வெட்கமே காரணம் என்பதை நாம் அறிவோம்.

சுரப்பியை அகற்றும் சத்திரசிகிச்சையின்போது சிறுநீரைக் கட்டுப்படுத்தும் தசையும் பாதிப்புறுகின்றது. எனவே சிறுநீர்க் குழாய் கழற்றப்பட்டதும் இருமும்போதும் எழும்போதும் கசிவு ஏற்படுவது இயல்பே. பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் இது குறைந்து விடும். சிறுநீரை இடையில் அடக்குவதுபோல் இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி உதவும். நீர் அருந்துவதைக் குறைப்பது தீர்வன்று. செறிவடைந்த சிறுநீர் பையை மேலும் உறுத்தும்.

இக்கசிவினாலேயே பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் செல்வதை நிறுத்திக்கொண்டோர் உளர். தொடர்ச்சியான கசிவுள்ளோருக்கு இஸ்லாத்தில் சலுகை உண்டு. பர்ளுத் தொழுகைக்கு நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணியால் கட்டி, வுழூச் செய்து தொழலாம். விபரங்களை மார்க்க அறிஞரிடம் கேட்டறிவதில் இழுக்கில்லை.

ஓமோன் சிகிச்சை வேறு வகையானது. ஆண் ஓமோனைக் குறைத்தால் இந்நோய் ஒடுங்கும் என்பதை 1941இல் காட்டிய சார்ள்ஸ் ஹக்கின்ஸ், 1966இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் உடல் திடீரெனக் கொதிப்பது, களைப்பு, எலும்புத் தேய்வு, தாம்பத்திய நாட்டம் குன்றுவது யாவும் அதே குறைவினால் வருபவை. இறுதியானதைப் புறக்கணிப்பென எண்ணி மனைவிமார் வருந்துவதுண்டு. ஆகவே கிளினிக் நாளில் அவரையும் உடன் அழைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கின்றோம். ஆண்மைக்குறைவுக்கு மாத்திரைகள் உள்ளன. எனினும் நெஞ்சுவலிக்கு நைத்திரேற்று மருந்து பாவிப்போர் அவற்றை உட்கொண்டால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழும். வைத்தியரைக் கேளாமல் பாமசியில் வாங்கலாகாது.