இடிப்பதா, நிமிர்த்துவதா? பழைய வீட்டைப் புதுப்பித்தல் குறித்து ஒரு நோக்கு

அரபு மொழியில் 'ரம்ம' என்னும் வினைச்சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. சிதைந்ததைச் செப்பனிடுதல் ஒன்று. எலும்பு மக்கி உதிர்தல் மற்றொன்று. கட்டடப் பழுதுபார்ப்பைச் சுட்டும் 'தர்மீம்' என்ற சொல்லும், யாசீன் அத்தியாயத்தில் மக்கிப்போன எலும்புகளைச் சுட்டும் 'ரமீம்' என்ற சொல்லும் அந்த ஒரே வேரில் கிளைத்தவை. அழிவும் சீரமைப்பும் ஒரு சொல்லுக்குள் அடங்கியிருப்பதன் நுட்பம், பழைய வீடு ஒன்றைப் பிரித்துப் பார்த்தவர்க்கு எளிதில் விளங்கும். எவ்விடத்தில் மக்கியிருக்கிறது என்று அறிந்த பின்னரே எதைச் செப்பனிடுவது என்பது தெரியவரும்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பழைய தெருக்களின் தோற்றம் விரைந்து மாறி வருகிறது. திண்ணையும் பட்டாசாலையும் முற்றமும் கொண்ட சுண்ணாம்புக் காரை வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. எஞ்சியவற்றுள் பல, வாரிசுகள் ஒன்றுகூடாமையால் பூட்டிக் கிடக்கின்றன. 'இடித்துக் கட்டுவதா, பழுதுபார்த்துக் குடியிருப்பதா?' என்னும் கேள்வி இன்று பல குடும்பங்களின் முன்னே நிற்கிறது. இதனைப் பொறியாளரிடம் மட்டும் கேட்டு முடிவு செய்துவிட இயலாது. சுவரின் இயல்பு, பங்காளிகளின் உரிமை, அண்டை வீட்டாரின் உரிமை ஆகிய மூன்றும் இதில் கலந்துள்ளன.

இறையில்லத்தின் முன்மாதிரி

இதே கேள்வி இஸ்லாமிய வரலாற்றில் மிக உயர்ந்ததோர் இடத்தில் எழுந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முப்பத்தைந்தாம் வயதில், நபித்துவத்துக்கு முன்னர், குறைஷியர் கஃபாவைப் புதுப்பித்தனர். வெள்ளத்தால் சுவர்கள் தளர்ந்திருந்தும், அதன்மேல் கைவைக்க எவரும் துணியவில்லை. வலீத் இப்னு முகீரா முதற்கல்லைப் பெயர்த்து, அன்றிரவு அவருக்குத் தீங்கேதும் நேராததைக் கண்ட பின்னரே ஏனையோர் இணைந்தனர். இப்ராஹீம் (அலை) அவர்கள் இட்ட அடித்தளத்தின் பச்சை நிறக் கற்களை எட்டியதும் இடிப்பை நிறுத்தினர். உறுதியானது தென்பட்ட இடத்தில் கடப்பாரை நின்றது. தூய்மையான வருவாயை மட்டுமே இப்பணிக்குச் செலவிடுவதென்று அவர்கள் முடிவு செய்திருந்தனர். அது போதாமற் போகவே கட்டடத்தின் நீளத்தைக் குறைத்து ஒரு பகுதியை வெளியே விட்டனர். ஹதீம் என நாம் அறிந்திருப்பது அப்பகுதியே.

ஹிஜ்ரி 64இல் மக்கா முற்றுகையின்போது கஃபா தீயினால் சேதமுற்றது. அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) மக்களிடம் ஆலோசனை கேட்டார்கள். பழுதுற்ற பகுதியைச் செப்பனிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடலாம் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்து. தம் வீடு எரிந்தால் அதைப் புதிதாகக் கட்டாமல் மனநிறைவு கொள்பவர் எவர், அவ்வாறிருக்க இறைவனின் இல்லத்தை எவ்வாறு விடுவது என்பது இப்னு ஸுபைரின் மறுமொழி. அவர்கள் மூன்று நாள்கள் இஸ்திகாரா செய்த பின்னரே முழுவதையும் இடித்து, ஹதீமையும் உட்படுத்தி, இரு வாயில்களுடன் எழுப்பினார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. அவர்களின் மறைவுக்குப் பின் ஹஜ்ஜாஜ் அதனைப் பழைய அளவுக்கே மாற்றினார். அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்த நபிமொழியே இப்னு ஸுபைருக்கு ஆதாரம் என்பது உறுதிப்பட்டபோது, கலீஃபா அப்துல் மலிக் அம்மாற்றத்துக்காக வருந்தினார்.

அந்நபிமொழியின் கருத்து ஆழ்ந்து நோக்கத்தக்கது. கஃபாவை இப்ராஹீமின் அடித்தளத்தில் விரித்துக் கட்டும் விருப்பம் நபிகளாருக்கு இருந்தது. ஆயினும் மக்கள் இஸ்லாத்துக்குப் புதியவர்கள். அவர்களின் உள்ளம் அதை ஏற்காது என்று கருதி அதைக் கைவிட்டார்கள். கட்டடத்தின் நிறைவைக் காட்டிலும் அதைச் சூழ்ந்திருப்போரின் மனநிலைக்கு அங்கே முதலிடம் தரப்பட்டது. பின்னர் 1630இல் பெருவெள்ளத்தால் சுவர்கள் சரிந்தபோது, உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் காலத்தில் கஃபா மீண்டும் எழுப்பப்பட்டது.

சுவரின் இயல்பு

நம் பகுதியின் பழைய வீடுகள் பெரும்பாலும் சுவரே சுமை தாங்கும் கட்டடங்கள். ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை கனமுள்ள செங்கற்சுவர், சுண்ணாம்புக் காரையால் பிணைக்கப்பட்டிருக்கும். கூரை நாட்டு ஓடாகவோ கட்டைக்குத்து மட்டப்பாவாகவோ இருக்கும். மட்டப்பாவில் தேக்கு அல்லது பனங்கட்டைகளைச் சிறு இடைவெளிகளில் பரப்பி, மெல்லிய செங்கற்களைக் காரையில் தோய்த்துக் குத்துவாட்டில் சாய்வரிசையாக அடுக்குவர். அதன்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் இட்டு, பெண்கள் வரிசையாய் அமர்ந்து பல நாள்கள் மரக்கட்டைகளால் தட்டிக் கெட்டிப்படுத்துவர். அதற்கும் மேல் தட்டோடு பதிக்கப்படும். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி நீரும் காரையில் சேர்ந்தன. மலையடிவாரமும் பனங்காடுகளும் அருகிருந்த இந்நிலத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மதுரையிலும் உள்ள திருமலை நாயக்கர் அரண்மனைகள் இக்காரையின் ஆயுளுக்குச் சான்று. மதுரை மகால் 1636ஆம் ஆண்டைச் சார்ந்தது. சிதைந்திருந்த அதனை, 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார்.

சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறுகிறது. அதை நீற்றிக் குழைத்துச் சுவரில் பூசியதும் காற்றிலுள்ள அதே வாயுவை மெல்ல ஈர்த்து மீண்டும் கல்லாகிறது. இதற்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். இவ்வாறு இறுகிய காரையில் நுண்துளைகள் இருப்பதால், தரையிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரம் அதன் வழியே வெளியேறி உலர்ந்துவிடும். ஈரத்தில் விரிந்து கோடையில் சுருங்கும் கரிசல் மண்ணில் அடித்தளம் சிறிது அசைந்தாலும், காரை ஓரளவு இசைந்து கொடுக்கும்.

சிமெண்ட் இவ்வட்டாரத்துக்கு அந்நியப் பொருளன்று. ராஜபாளையத்தைச் சேர்ந்த பி.ஏ.சி. ராமசாமி ராஜா நிறுவிய மதராஸ் சிமெண்ட்ஸ் 1957இல் பதிவு பெற்று, விருதுநகர் அருகே ஆலை அமைத்தது. சிமெண்ட் எளிதில் கிடைக்கவே, சுண்ணாம்புக் காளவாய்களும் காரை அரைக்கும் செக்குகளும் மறைந்தன. புதுக் கட்டடத்துக்குச் சிமெண்ட் ஏற்ற பொருளே. பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் அதைப் பூசும்போதுதான் இடர் தோன்றுகிறது. அந்த இறுகிய பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். வெளியேற வழியற்ற நீர் சுவரில் மேலும் உயர ஏறும். அதில் கரைந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாய் விழ, 'பழைய சுவர் மோசம்' என்று பழி சுவரின்மேல் விழுகிறது.

சென்னைச் சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாபின் அரண்மனை 1768இல் எழுந்தது. அதன் ஒரு பகுதியான கலச மகால் 2012 சனவரியில் தீக்கிரையானது. கூரையிழந்து நின்ற அதை இடித்துத் தள்ளாமல், தமிழ்நாடு பொதுப்பணித்துறை சுண்ணாம்புக் காரையைக் கொண்டே மீட்டெடுத்தது. பழைய முறையின் கைத்திறன் முற்றிலும் அற்றுவிடவில்லை என்பதற்கு அது ஓர் அரிய சான்று.

பிரித்தலின் ஒழுங்கு

வீட்டை உள்ளூறப் பிரித்துப் புதுப்பிப்போர் ஓர் ஒழுங்கைப் பேண வேண்டும். முதலில் நீர்: கூரை ஒழுக்கு, முற்றத்துச் சாக்கடை, சுவரோரக் கழிவுத்தொட்டி ஆகியவற்றைச் சரிசெய்யாமல் வேறெதைச் செய்தாலும் வீண். அடுத்தது மரம்: உத்தரத்தின் நடுப்பகுதி திடமாய் இருக்கையில், சுவருக்குள் புதைந்த முனையே முதலில் உளுத்துப் போகும். கூரிய கத்திமுனையால் குத்திப் பார்த்தால் உண்மை வெளிப்படும். மூன்றாவது சுவர்: தட்டும்போது வெற்றோசை எழும் இடத்தில் பூச்சை மட்டும் உரித்தால் போதும். மின்கம்பியும் குழாயும் பூச்சும் கடைசியில் வருபவை.

அறையைப் பெரிதாக்க வேண்டி இடைச்சுவரை எடுப்பதே மிகப் பெரிய ஆபத்து. மேலேயுள்ள கட்டைகள் அச்சுவரில் அமர்ந்திருக்கலாம். முட்டுக் கொடுக்காமல் அதை உருவினால் கூரையே இறங்கிவிடும். ஓட்டுக் கூரையை நீக்கிக் காங்கிரீட் தளம் இடுவதற்கு முன்னும் கணக்குப் பார்த்தல் வேண்டும். 15 சென்டிமீட்டர் கனமுள்ள தளம் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 375 கிலோ சுமையைச் சுவரின்மேல் ஏற்றுகிறது. சுவர் செங்குத்தினின்று சாய்ந்து அடித்தளமும் இறங்கிய வீட்டை இடிப்பதே உயிர்காக்கும் வழி. அப்போதும் நிலையும் தூணும் உத்தரமும் மறுபயன் பெற வேண்டியவை. பயனுள்ளதைக் குப்பையாக்குதல் 'இஸ்ராஃப்' என்னும் வீண்விரயத்தில் சேரும்.

பங்காளிகளின் உரிமை

அல் கஹ்ஃப் அத்தியாயத்தில் (18:77-82) விழும் நிலையிலிருந்த சுவர் ஒன்றை ஹிள்ர் (அலை) கூலி பெறாமல் நிமிர்த்திய நிகழ்ச்சி கூறப்படுகிறது. தொழுகைக்கான 'இகாமத்' எந்த வேரிலிருந்து வந்ததோ அதே வேரின் சொல்தான் அங்கே ஆளப்பட்டுள்ளது. கையால் தடவி நிமிர்த்தினார்கள் என்றும், இடித்துக் கட்டினார்கள் என்றும் விரிவுரைகளில் இரு வகை அறிவிப்புகள் உள்ளன. செயலின் காரணத்தில் மட்டும் கருத்து வேறுபாடில்லை. அச்சுவரின்கீழ் இரு அநாதைகளின் உடைமை இருந்தது. உரியவர் உரிய பருவம் எய்தும்வரை அது காக்கப்பட வேண்டியிருந்தது.

நம் பூட்டிய வீடுகளுக்கு இப்பாடம் நேரே பொருந்துகிறது. ஒருவர் மனைவி, இரு புதல்வர், ஒரு புதல்வி ஆகியோரை விட்டு இறந்தால், வீட்டை 40 கூறாகக் கொள்ளலாம். மனைவிக்கு எட்டில் ஒன்றாக 5, புதல்வர்க்குத் தலா 14, புதல்விக்கு 7. இந்தியாவில் 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி முஸ்லிம்களின் வீட்டுச் சொத்துக்கு இவ்விதி செல்லும். குடியிருக்கும் மகன் எல்லோரின் இசைவுடனும் 8 லட்சம் ரூபாய் செலவிட்டு வீட்டைப் புதுப்பித்தால், தாயின் பொறுப்பு 1 லட்சம், சகோதரனுடையது 2.8 லட்சம், சகோதரியுடையது 1.4 லட்சம். தம் பங்கான 2.8 லட்சம் போக 5.2 லட்சத்தை அவர் கோரலாம்.

இசைவின்றிச் செலவிட்டால் என்ன? ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட 'மஜல்லா'வின் 1308ஆம் விதி முதல் இது விரிவாகப் பேசப்படுகிறது. பங்கிடத்தக்க பொதுச்சொத்தில் இசைவு பெறாமல் செலவிட்டவர் கொடையாளியாகவே கருதப்படுவார். பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. ஆலை, குளியலகம் போன்று பங்கிட முடியாதவற்றைப் பழுதுபார்க்க ஒருவர் மறுத்தால், மற்றவர் நீதிமன்ற அனுமதியுடன் செலவிட்டு மறுத்தவர் பங்கை ஈடுசெய்து கொள்ளலாம். பிணக்குகள் பலவும் இந்த முன்னனுமதி இன்மையால் விளைபவை. 'நான்தானே செலவு செய்தேன்' என்று தமையன் கூற, 'எங்களைக் கேட்டாயா?' என்று தங்கை வினவுவாள். அவள் கேள்வியில் நியாயம் உண்டு. அவளது ஏழு கூறு, பூச்சுக்கும் வண்ணத்துக்கும் கீழே மறைந்துவிடுவதில்லை. ஆதலால் முதற்கல்லைப் பெயர்க்குமுன் பங்குகளை எழுதி, செலவின் உச்ச அளவைக் குறித்து, மணமாகிச் சென்ற பெண்மக்கள் உட்பட அனைவரும் ஒப்பமிடுதல் நன்று.

அண்டை வீட்டார்

பழைய தெருக்களில் இரு வீடுகளுக்கு ஒரே சுவர் இருப்பது இயல்பு. அண்டை வீட்டார் தம் சுவரில் மரக்கட்டை பதிப்பதைத் தடுக்க வேண்டாம் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் நபிமொழி, புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இமாம் அஹ்மத் இதைக் கட்டாயக் கடமையாகக் கொண்டார்கள். இமாம் அபூஹனீஃபாவும் இமாம் மாலிக்கும் விரும்பத்தக்க நற்செயலாகக் கொண்டார்கள். மஜல்லாவின் 1201ஆம் விதி, அண்டை வீட்டின் வெளிச்சத்தை முற்றிலும் அடைத்தலைக் கடுந்தீங்கு என்கிறது. அடுத்த விதி, அடுக்களை, கிணற்றடி, முற்றம் ஆகிய பெண்டிர் புழங்கும் இடங்களை நோக்கிச் சன்னல் திறப்பதையும் அவ்வாறே கருதுகிறது. மாடி எழுப்புவோர் வரைபடத்தை நகராட்சிக்குக் காட்டுமுன் பக்கத்து வீட்டாருக்குக் காட்டுதல் இவ்விதிகளின் உட்கிடைக்கு இசைந்தது.

அரபியில் கட்டடத்தைக் குறிக்கும் 'இமாரத்' என்ற சொல்லும், ஆயுளைக் குறிக்கும் 'உம்ர்' என்ற சொல்லும் ஒரே வேரைச் சார்ந்தவை. வீடொன்றுக்கு ஆயுள் தருவது அதில் வாழ்வோரே. சுவர் நிமிர்ந்து உறவு சரிந்தால் அதைப் புதுப்பித்தல் என்று கூறவியலாது. இப்ராஹீமின் கற்களைக் கண்டதும் இடிப்பை நிறுத்திய குறைஷியரைப் போல, எது உறுதியானது என்று கண்டறிவதும், கண்ட இடத்தில் கையை நிறுத்துவதும் வீட்டுக்கும் பொருந்தும், குடும்பத்துக்கும் பொருந்தும். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.