தெளிந்து தேர்தல் (கிறித்தவ ஆன்மீகம்)

தெளிந்து தேர்தல் என்பது, ஒரு முடிவை எடுக்க வேண்டிய நிலையில் கடவுளின் திருவுளம் எது என்பதை இறைவேண்டல், தன்னாய்வு, பகுத்தறிவு, பிறரின் ஆலோசனை ஆகியவற்றின் துணையோடு கண்டறிய முயலும் கிறித்தவ வழிமுறை ஆகும். எகிப்தின் பாலைநிலத் துறவிகள் காலத்திலிருந்தே இது பேசப்பட்டு வந்துள்ளது. ஆயினும் இதனைப் படிப்படியான பயிற்சியாக அமைத்துக் கொடுத்தவர் இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556). இக்கட்டுரை அவருடைய வழியையே முதன்மையாக விளக்குகிறது.

சொல்லும் பொருளும்

தமிழ்க் கிறித்தவர்களிடையே இக்கருத்துக்கு இரண்டு சொற்கள் வழங்குகின்றன. சீர்திருத்தத் திருச்சபைகளின் விவிலியத்திலும் பாடல்களிலும் 'சித்தம்' என்பது வேரூன்றிவிட்டது. கத்தோலிக்கர் இன்று பெரும்பாலும் 'திருவுளம்' என்கின்றனர். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இவ்விடங்களில் மிகுதியாக வரும் சொல் 'தெலேமா'. விருப்பம் என்பதே அதன் நேர்ப்பொருள். விதி, தலையெழுத்து என்னும் பொருள் அதற்கு இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் நடைமுறையில் 'கடவுளின் சித்தம்' என்ற தொடர் பெரும்பாலும் சாவு வீட்டில்தான் கேட்கிறது. குழந்தையை இழந்த தாயிடம் 'ஆண்டவருடைய சித்தம், என்ன செய்வது' என்கிறார்கள். ஆறுதலாகச் சொல்லப்படும் இச்சொல், கடவுளே திட்டமிட்டு அந்தக் குழந்தையைப் பறித்துக்கொண்டார் என்ற பொருளில் அவள் நெஞ்சில் இறங்கிவிடக்கூடும்.

இறையியலில் இத்தொடர் குறைந்தது மூன்று வெவ்வேறு பொருள்களில் ஆளப்படுகிறது. அன்பு செய், பொய் சொல்லாதே, ஏழையை ஒடுக்காதே என்பன போல எல்லாருக்கும் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது ஒன்று. உலகில் நடப்பதையெல்லாம் தன் பராமரிப்புக்குள் வைத்திருக்கும் கடவுளின் மறைவான திட்டம் மற்றொன்று. இந்த மனிதர் இந்தச் சூழ்நிலையில் எந்த நன்மையைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது மூன்றாவது. தெளிந்து தேர்தல் இந்த மூன்றாவதைப் பற்றியதே. தீமை நடக்க விட்டுக்கொடுப்பதும் தீமையை விரும்புவதும் ஒன்றல்ல என்று இறையியலாளர் பலர் வற்புறுத்துவர். கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே தம் துன்பம் அகல வேண்டும் என்று முதலில் கேட்டார். பிறகே தந்தையின் விருப்பத்துக்குத் தம்மைக் கையளித்தார் என்று நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. அவர் கேட்டதையும் மறைக்காமல் அவை பதிவு செய்திருப்பது குறிப்பிடத்தக்கது.

தமிழில் சீட்டுக் குலுக்கி முடிவு காண்பதற்குத் 'திருவுளச்சீட்டு' என்று பெயர். தெய்வத்தின் உள்ளம் சீட்டின் வழியாக வெளிப்படும் என்ற நம்பிக்கை அச்சொல்லிலேயே இருக்கிறது. கிறித்தவத்துக்கும் இது புதிதல்ல. யூதாசின் இடத்துக்கு மத்தியா சீட்டின் மூலமே தெரிவு செய்யப்பட்டார் என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. ஆனால் தெளிந்து தேர்தல் என்பது திருவுளச்சீட்டு அன்று. இரண்டுக்கும் உள்ள தொலைவை இஞ்ஞாசியாரின் வாழ்க்கையே காட்டுகிறது.

கழுதையிடம் விட்ட முடிவு

பாஸ்கு நாட்டுப் பிரபு குடும்பத்தில் பிறந்த இஞ்ஞாசியார் 1521 மே மாதம் பாம்ப்லோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படையிடமிருந்து காக்கும் போரில் பீரங்கிக் குண்டால் காலில் அடிபட்டார். சொந்த ஊரான லொயோலாவில் பல மாதங்கள் படுத்த படுக்கையாய்க் கிடந்தார். படிப்பதற்கு வீரக்கதைகள் கேட்டார். வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறும் அடங்கிய நூல்களே கிடைத்தன. வேறு வழியின்றி அவற்றைப் படித்தார்.

அங்கேதான் அவர் ஒன்றைக் கவனித்தார். ஓர் உயர்குடிப் பெண்ணுக்காகத் தாம் செய்யப்போகும் வீரச்செயல்களைப் பற்றி மணிக்கணக்கில் கனவு கண்டார்; இனித்தது. புனித பிரான்சிஸ், புனித தோமினிக் செய்ததைத் தாமும் செய்தால் என்ன என்று எண்ணினார், அதுவும் இனித்தது. எண்ணம் கலைந்த பிறகுதான் வேறுபாடு தெரிந்தது. முதல் கனவுக்குப் பின் மனம் வறண்டு சலித்தது. இரண்டாவதற்குப் பின் மகிழ்ச்சி தங்கி நின்றது. எண்ணத்தின் சுவையைவிட, அது விட்டுச்செல்லும் பின்சுவையே முக்கியம் என்ற இந்தச் சிறு கண்டுபிடிப்பிலிருந்தே அவருடைய முறை முழுவதும் வளர்ந்தது எனலாம்.

ஆனால் கண்டுபிடித்த மறுநாளே அவர் ஞானியாகிவிடவில்லை. 1522இல் மொன்செராத் திருத்தலத்துக்குப் போகும் வழியில் கோவேறு கழுதையின்மேல் வந்த ஓர் இஸ்லாமியருடன் பேச்சு நேர்ந்தது. மரியாவின் கன்னிமை பற்றிய விவாதத்தில் அந்த மனிதர் சொன்ன ஒரு கருத்து இஞ்ஞாசியாருக்குப் பொறுக்கவில்லை. அவர் முன்னே சென்ற பிறகு, துரத்திச் சென்று கத்தியால் குத்துவதா விட்டுவிடுவதா என்று நெடுநேரம் குழம்பினார். முடிவு தெரியாமல், தாம் ஏறியிருந்த கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். அந்த மனிதர் போன ஊர்ப்பக்கம் கழுதை திரும்பினால் குத்துவது, நெடுஞ்சாலையில் போனால் விட்டுவிடுவது என்பது அவர் செய்துகொண்ட ஏற்பாடு. ஊர் மிக அருகிலேயே இருந்தது, அதற்குச் செல்லும் பாதையும் அகலமாக இருந்தது. கழுதை நெடுஞ்சாலையில் நடந்தது. ஓர் உயிர் தப்பியது.

தம் முதிர்ந்த வயதில், 1553–1555 ஆண்டுகளில் தன்வரலாற்றைச் சொல்லி எழுதுவித்தபோது இந்நிகழ்ச்சியை அவர் மறைக்கவில்லை. கொலை செய்யலாமா என்ற கேள்விக்குத் தெளிந்து தேர்தலே தேவையில்லை என்பதைப் பிற்கால இஞ்ஞாசியார் நன்கு அறிந்திருந்தார். தீமை என்று ஏற்கெனவே தெரிந்தது தேர்வுக்கு உரியதே அன்று என்பது அவர் வகுத்த அடிப்படை விதி. தேர்வு நன்மைக்கும் நன்மைக்கும் இடையில்தான். அவ்வாறே திருமணம் போல மாற்றவியலாத வாக்குறுதி கொடுத்தாகிவிட்ட காரியங்களையும் அவர் தேர்வுக்கு வெளியே வைத்தார். அவற்றில் செய்ய வேண்டியது நன்றாக வாழ்வது மட்டுமே.

மூன்று வேளைகள்

மன்ரேசா என்ற சிற்றூரில் ஏறத்தாழ ஓராண்டு தங்கித் தவம் செய்தபோது எழுதத் தொடங்கிய குறிப்புகளே 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற நூலாயின. திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் இதற்கு ஒப்புதல் அளித்தார். இது படித்து முடிக்கும் நூலன்று. வழிகாட்டி ஒருவரின் துணையோடு ஏறத்தாழ முப்பது நாள்கள் செய்து பார்க்க வேண்டியது. நீச்சல் பற்றிய நூலைக் கரையிலிருந்து படிப்பது போலத்தான் இதைச் சும்மா படிப்பதும்.

தேர்வுக்கு முன்நிபந்தனையாக அவர் கேட்பது ஒருவகைப் பற்றின்மை. நலமோ நோயோ, செல்வமோ வறுமையோ, எதன் பக்கமும் முன்கூட்டியே சாயாத நிலை அது. முடிவை முதலில் எடுத்துவிட்டு, பிறகு அதற்குக் கடவுளின் கையெழுத்தைக் கேட்பதே பொதுவாக மனிதர் செய்வது. 'ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்' என்பது பல வீடுகளில் 'வேண்டாம்' என்பதற்கு மரியாதையான மாற்றுச்சொல்லாகவே புழங்குகிறது. இஞ்ஞாசியார் இதை அறியாதவர் அல்லர். தராசு முள்ளைப் போல நடுவில் நிற்கும்வரை தேர்வைத் தொடங்காதே என்பது அவர் அறிவுரையின் சாரம்.

அதன்பின் தேர்வுக்கு மூன்று வேளைகளைக் குறிப்பிடுகிறார். முதலாவது, ஐயமே எழாதபடி உள்ளம் ஈர்க்கப்படும் வேளை. பவுலும் மத்தேயுவும் அழைக்கப்பட்டது அப்படி. இது அரிது. இரண்டாவது, மனத்தில் மாறிமாறி எழும் ஆறுதலையும் வறட்சியையும் பல நாள் கவனித்துத் தெளிவது. மூன்றாவது, மனம் அமைதியாக இருக்கும்போது அறிவைப் பயன்படுத்திச் சாதக பாதகங்களை நிறுத்துப் பார்ப்பது. பக்திமான்கள் சிலர் இந்த மூன்றாவதை ஆன்மீகம் குறைந்ததாக நினைப்பதுண்டு. இஞ்ஞாசியார் அப்படி நினைக்கவில்லை; அறிவும் கடவுள் தந்ததே.

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். செவிலியர் ஒருவருக்கு வளைகுடா நாட்டு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டுக் கடன் அடையும். ஊரில் படுத்திருக்கும் தாயைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. இரண்டும் நன்மையே, எந்த விவிலிய வசனமும் நேரடியாக விடை சொல்லாது. இந்நிலையில் மூன்றாம் வேளைக்குரிய உத்திகள் சில உள்ளன. போனால் என்ன நன்மை, என்ன தீமை, போகாவிட்டால் என்ன நன்மை, என்ன தீமை என்று நான்காகப் பிரித்து எழுதுவது ஒன்று. முன்பின் அறியாத ஒருவர் இதே சிக்கலோடு வந்தால் அவருக்கு என்ன சொல்வோம் என்று பார்ப்பது இன்னொன்று. தாம் மரணப் படுக்கையில் இருப்பதாக எண்ணி, அங்கிருந்து திரும்பிப் பார்க்கும்போது எந்த முடிவை எடுத்திருக்க விரும்புவோம் என்று கேட்பது மற்றொன்று. முடிவு எடுத்த பிறகும் வேலை முடிவதில்லை. அதைக் கடவுள்முன் வைத்து, உள்ளம் அமைதியில் நிலைக்கிறதா என்று உறுதிப்பாட்டுக்காகக் காத்திருக்க வேண்டும்.

ஆறுதலும் வறட்சியும்

ஆறுதல் என்பது வெறும் மகிழ்ச்சி உணர்வன்று. நம்பிக்கையும் அன்பும் வளரும்படி உள்ளம் நகர்வதே ஆறுதல். அது கண்ணீரோடும் வரலாம். இருளும் சோர்வும் கடவுளிடமிருந்து பிரிந்த உணர்வும் வறட்சி. இதில் மிகவும் பயனுள்ள விதி ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், வறட்சியின்போது முந்தைய முடிவை மாற்றாதே என்பதைச் சொல்லலாம். தேர்வு முடிவு வந்த இரவில் படிப்பையே விட்டுவிடத் துடிக்கும் மாணவருக்கும் இது பொருந்தும்.

இதைவிட நுட்பமானது, நல்லதுபோல் வரும் தவறு. எருசலேமிலிருந்து திரும்பிய பின், முப்பது வயதைக் கடந்த இஞ்ஞாசியார் பார்சலோனாவில் இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார். வாய்பாடுகளை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தாலே புதிய ஆன்மீக ஒளிகளும் இன்ப உணர்வுகளும் பொங்கின, பாடம் ஏறவில்லை. இறைவேண்டலின்போதும் திருப்பலியின்போதும் வராத அந்த ஒளிகள் படிப்பு நேரத்தில் மட்டும் ஏன் வருகின்றன என்று யோசித்து, இது சோதனை என்று கண்டுகொண்டார். ஆசிரியரை அழைத்துச் சென்று நடந்ததைச் சொல்லி, இனி ஒரு வகுப்பையும் தவறவிடேன் என்று வாக்குக் கொடுத்தார். ஓர் எண்ணத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்க்க வேண்டும். முடிவில் அது குறைந்த நன்மைக்கு இழுத்துச் சென்றால் ஊற்று நல்லதன்று என்று அவர் பின்னர் எழுதியதற்கு இந்த அனுபவமும் துணையாக இருந்திருக்க வேண்டும்.

தெளிவாக அறிந்ததும்கூட வெளியுலகில் தடைபடலாம். 1523இல் எருசலேமில் வாழ்நாள் முழுவதும் தங்குவதே தமக்குரிய திருவுளம் என்று அவர் உறுதியாக நம்பினார். திருத்தலங்களின் பொறுப்பிலிருந்த பிரான்சிஸ்கன் சபைத் தலைவர், பாதுகாப்பில்லை, புறப்படுங்கள் என்று கட்டளையிட்டார். மீறினால் திருச்சபையிலிருந்து விலக்கும் அதிகாரமும் அவருக்கு இருந்தது. இஞ்ஞாசியார் கீழ்ப்படிந்து புறப்பட்டார். 1537இல் தோழர்களுடன் மீண்டும் போக முயன்றபோது, துருக்கியருடன் ஏற்பட்ட போரால் வெனிசிலிருந்து கப்பல் ஓடவில்லை. ஓராண்டு காத்திருந்துவிட்டு, முன்பே செய்திருந்த ஏற்பாட்டின்படி உரோமையில் திருத்தந்தையிடம் தங்களை ஒப்படைத்தனர். 1540இல் இயேசு சபை பிறந்தது இந்தத் தடையின் வழியாகத்தான்.

மயிலாப்பூரில் சவேரியார்

இம்முறை தமிழ்நாட்டு மண்ணிலும் கையாளப்பட்டது. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே 1542 முதல் பணியாற்றிய புனித பிரான்சிஸ் சவேரியார் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதே தற்செயல் போலத் தோன்றும். முதலில் தெரிவு செய்யப்பட்ட பொபதில்லா நோயுற்றதால் அவ்விடத்துக்கு இவர் வந்தார். 1545இல், மக்காசார் தீவிலிருந்து வந்த செய்திகளைக் கேட்டு, இக்கரையிலேயே இருப்பதா கிழக்கே போவதா என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. சாந்தோமுக்கு வந்து, திருத்தூதர் தோமாவின் கல்லறையருகே சில மாதங்கள் தங்கி வேண்டினார். உள்ளத்தில் பெரும் ஆறுதல் கிடைத்தது, போவதே திருவுளம் என்று தெளிந்தேன் என்னும் கருத்தில் அவ்வாண்டு மே மாதம் தோழர்களுக்கு எழுதினார். கப்பல் கிடைக்காமல் கட்டுமரம் ஒன்றுதான் கிடைத்தாலும் ஏறிப் போவேன் என்ற அளவுக்கு அந்த உறுதி இருந்தது. ஆனால் மலாக்கா சென்ற அவர் கடைசிவரை மக்காசாருக்குப் போகவில்லை. அம்போன், தெர்னாத்தே முதலிய தீவுகளுக்கே போய்ச் சேர்ந்தார். சாந்தோமில் கிடைத்த தெளிவு புறப்படுவதற்குப் போதுமானதாக இருந்தது. சென்று சேரும் இடத்தை அது சொல்லிவிடவில்லை.

வேறு வழிகள், எதிர்ப்புகள்

சீர்திருத்தத் திருச்சபைகளில் பாதை வேறாகக் கிளைத்தது. மறைவான சித்தத்தைத் துருவ வேண்டாம், வெளிப்படுத்தப்பட்ட வார்த்தைக்குக் கீழ்ப்படிந்தால் போதும் என்பது கால்வின் மரபின் பொதுவான போக்கு. மொராவியச் சகோதரர்கள் 18ஆம் நூற்றாண்டில் திருமணத்துக்கும் சீட்டுப் போட்டனர். (இவர்களில் ஒரு குழுவினர் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்தனர்.) ஜான் வெஸ்லியும் 1737இல் ஜார்ஜியாவில், தாம் விரும்பிய பெண்ணை மணப்பதா என்பதற்கு மூன்று சீட்டு எழுதிப் போட்டுப் பார்த்தார், அவளை மறந்துவிடு என்ற சீட்டே வந்தது. கேரி ஃப்ரீசன் 1980இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வரையப்பட்ட ஒரு திட்டம் இருக்கிறது என்ற எண்ணத்தையே மறுத்தார். அறநெறிக்கு உட்பட்ட எல்லையில் மனிதர் ஞானத்தோடும் சுதந்திரத்தோடும் தெரிவு செய்யலாம் என்பது அவர் வாதம். தவறான கல்லூரியில் சேர்ந்துவிட்டால் கடவுளின் திட்டத்தையே இழந்துவிடுவோமோ என்று நடுங்கும் இளைஞர்களுக்கு இவ்வாதம் பெரிய விடுதலையாக அமைந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையில் இம்முறை இப்போது மறுபடியும் பரவலாகப் பேசப்படுகிறது. இயேசு சபையிலிருந்து வந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஆகஸ்டில் தொடங்கித் தம் புதன்கிழமை உரைகளில் தொடர்ச்சியாக இதை விளக்கினார். எனினும் 'இது திருவுளம்' என்பதை அதிகாரத்தில் உள்ளவர் பிறருக்காகச் சொல்லும்போது அது ஆபத்தான கருவியாகிவிடும். பயிற்சி கொடுப்பவர் தராசு முள்ளைப் போல நிற்க வேண்டும், எந்தத் தேர்வின் பக்கமும் பயிற்சி பெறுபவரைத் தள்ளக் கூடாது என்று இஞ்ஞாசியார் எழுதிவைத்தது இதற்காகவே. இவ்விதியைத் தம் பிள்ளைகளின் திருமணம், படிப்பு, துறவு ஆகியவற்றில் பெற்றோரும் மேய்ப்பர்களும் கடைப்பிடிப்பது அரிதாகவே காணப்படுகிறது.

சவேரியாரின் கடைசித் தேர்வு சீனா. 1552 டிசம்பர் 3 அன்று, சீனக் கரை கண்ணுக்கெட்டும் தொலைவில் சான்சியான் தீவில் அவர் காலமானார். உரோமையில் இஞ்ஞாசியாரும் தம் பங்குக்கு வேண்டி, ஆராய்ந்து, அவரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வரச் சொல்லிக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தின் தேதி 1553 ஜூன் 28. சவேரியார் இறந்த செய்தி அதுவரை உரோமை வந்து சேரவில்லை.