‘ஃபிரெஷ்’ என்னும் சொல்லும் வாவிக்கரை வாழ்வும்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் மாணவன் முதலில் அறிந்துகொள்ளும் சொற்களுள் ‘ஃபிரெஷ்’ என்பதும் ஒன்று. ‘புதிய’ என அதற்கு ஒரே பொருளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு அவன் மேற்செல்கின்றான். சில நாட் கழித்து ‘ஃபிரெஷ் வாட்டர்’ என்னும் தொடர் எதிர்ப்படும்போது, ‘புதிய தண்ணீர்’ என்று தயக்கமின்றி மொழிபெயர்த்துவிடுகின்றான். தண்ணீரில் பழையது எது, புதியது எது என்னும் ஐயம் அவனுக்கு எழுவதில்லை. மட்டக்களப்பு வாவியின் கரையிற் பிறந்தவனுக்காயினும் அஃது எழுதல் வேண்டும்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் வடபகுதி கடலோடு கலந்து உவர்த்திருப்பது. தென்பகுதியோ பெரும்பாலும் உப்பற்றது. மாரியில் வெள்ளம் பெருகி முகத்துவாரத்து மணற்றிட்டை உடைத்துக்கொண்டு கடலிற் பாய்கின்றது. கோடையில் உவர்ப்பு மீண்டும் ஏறுகின்றது. உவர்நீர், நன்னீர் என்னும் வேறுபாட்டை இங்குள்ளோர் நாவினாலேயே அறிவர். அந்த நன்னீரைத்தான் ஆங்கிலேயர் ‘ஃபிரெஷ் வாட்டர்’ என்றனர். பண்டை ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு உப்பற்றது என்பதே பொருள். புதியது என்னும் பொருள் பிற்காலத்திற் பிரெஞ்சு மொழியின் தொடர்பாற் பெருகியது. மாணவனுக்கு விந்தையாகத் தோன்றும் பொருளே மூத்த பொருள் என்க.

மீன் சந்தையில் இச்சொல் படும் பாடு தனி. கருவாடு அல்லாதது பச்சை மீன். வலையிலிருந்து அப்போதே வந்தது உடன் மீன். தமிழில் இரண்டு சொற்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ‘ஃபிரெஷ்’. முதல்நாட் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்த மீனை ‘ஃபிரெஷ்’ என்று கூவி விற்பவனைப் பொய்யன் எனக் கூறுதலும் எளிதன்று, அவன் உப்பிடவில்லையே! காயாத வர்ணமும், அன்றலர்ந்த மலரும், களைப்பு நீங்கிய உடலும் அதே அடைமொழியைப் பெறுகின்றன. அமெரிக்கப் பேச்சு வழக்கில் துடுக்காகப் பேசும் சிறுவனும் ‘ஃபிரெஷ்’ ஆவான்.

இவற்றிற் பிழை நேரின் நகைப்போடு போகும். காற்றைப் பற்றிய வழக்கோ அத்தகையதன்று. பிரான்சிஸ் போஃபோர்ட் என்னும் பிரித்தானியக் கடற்படையினர் 1805 ஆம் ஆண்டில் வகுத்த காற்றளவையின் இன்றைய வடிவில், ‘ஃபிரெஷ் பிறீஸ்’ என்பது 5 ஆம் நிலை. மணிக்கு 29 முதல் 38 கிலோமீற்றர் வேகமுடையது. இலையடர்ந்த சிறுமரங்கள் அசையும். உள்நாட்டு நீர்நிலைகளிலும் நுனி மடியும் சிற்றலைகள் எழும். வானிலை அறிக்கையில் இத்தொடரைக் கண்டு ‘இனிய இளங்காற்று’ என்று தமிழாக்குவோன், தோணிக்காரனை எங்கே அனுப்புகின்றான் என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

மீண்டும் தண்ணீருக்கே வருதல் தகும். கல்லடி முதலிய ஊர்கள் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் அமைந்தவை. மழையால் ஊறிய நன்னீர், கனத்த உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக அங்கே மிதக்கின்றது. கிணறுகள் அப்படலத்தையே நம்பியுள்ளன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கிணறுகளைக் கடல்நீரால் நிரப்பிற்று. உதவிக்கு வந்தோரும் ஊராரும் கிணறுகளை இறைத்தனர், சேறகற்றினர், குளோரின் இட்டனர். நீர் தெளிந்தது, கிருமியும் ஒழிந்தது. ஆனால் குளோரின் உப்பை நீக்காது. தூய நீர் வேறு, ‘ஃபிரெஷ்’ நீர் வேறு. அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உவர்நீர் மேலெழுவதற்கும் அவ்விறைப்பே ஏதுவாயிற்று. தெளிந்த நீரை வாளியில் அள்ளிய பெண்கள் ஒரு மிடறு சுவைத்தே குடத்தை நிரப்புவதா விடுவதா என்று முடிவு செய்தனர். பின்னர் வந்த மாரிமழைதான் அக்கிணறுகளின் உவர்ப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்தது.