நாலு கிண்ணத்தில் ஒன்று ஏலக்காய்

புதிய பலகை விளையாட்டு ஒன்று நன்றாக இருக்குமா என்பதைப் பெட்டியின் மேலுள்ள படம் சொல்லாது. விதிப் புத்தகத்தைப் படித்தாலும் பாதிதான் பிடிபடும். நாலு பேர் உட்கார்ந்து ஆடிப் பார்த்தால்தான் தெரியும். அதற்கென்றே விளையாட்டுத் திருவிழாக்கள் நடக்கின்றன. அமெரிக்காவின் ஜென்கான் 1968-இல் தொடங்கியது. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 1983-இல் தொடங்கிய 'ஷ்பீல்' விழாவுக்கு 2019-இல் 2 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். இந்தியாவில் மும்பையில் மீப்பிள்கான் நடக்கிறது.

இந்த விழாக்களில் மேசைமீது விளையாட்டை விரித்தே வைத்திருப்பார்கள். காலி நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். விதியைச் சொல்லித்தர ஆள் இருக்கும். எத்தனை பேர் ஆடலாம், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. முதல் ஆட்டத்தில் தோற்றதை வைத்து விளையாட்டை எடைபோடக் கூடாது.

ஏலக்காய் ஏலம் நடக்கும் போடிநாயக்கனூர்க்காரர்கள் தேடிப்போய் ஆட வேண்டியது 'சென்சுரி: ஸ்பைஸ் ரோடு'. எமர்சன் மாட்சுவுச்சி வடிவமைத்து 2017-இல் வெளிவந்தது. நாலு கிண்ணங்களில் சிறு மரக்கட்டைகள் இருக்கும். மஞ்சள் நிறக் கட்டை மஞ்சள், சிவப்பு குங்குமப்பூ, பச்சை ஏலக்காய், பழுப்பு பட்டை. மதிப்பும் இதே வரிசையில் ஏறும். ஒரு முறைக்கு ஒரு காரியம்தான்: கையிலுள்ள சீட்டை இறக்கிச் சரக்கு வாங்கலாம் அல்லது மாற்றலாம்; சந்தையிலிருந்து புதுச் சீட்டு எடுக்கலாம்; இறக்கிய சீட்டுகளையெல்லாம் திரும்பக் கையில் எடுக்கலாம்; கேட்ட சரக்கைக் கொடுத்துப் புள்ளிச் சீட்டைப் பெறலாம். முறை முடியும்போது ஒருவரிடம் பத்துக் கட்டைக்கு மேல் இருக்கக் கூடாது. ஆட்டத்தின் நெருக்கடி முழுவதும் இந்தப் பத்தில்தான் இருக்கிறது.

குங்குமப்பூவைவிட ஏலக்காய்க்கு மதிப்பு அதிகம் என்றால் எந்த வியாபாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார். போடி ஏலத்தில் விலை இப்படி வரிசைகட்டி நிற்பதும் இல்லை. மலைத் தோட்டங்களில் பறித்து, 'ஸ்டோர்' எனப்படும் உலர்கூடத்தில் காயவைத்த காய், நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு லாட் லாட்டாக வருகிறது. வியாபாரிகள் சாம்பிளைக் கையில் எடுத்து நிறம், பருமன், லிட்டர் எடை எல்லாம் பார்த்த பிறகே கணினியில் விலை வைக்கிறார்கள். அடுத்தவர் எதுவரை போவார் என்ற கணிப்பு அங்கே முக்கியம். 'சென்சுரி'யில் அந்தக் கணிப்புக்கு வேலையே இல்லை.

அது வேண்டுமென்றால் ருடிகர் டோர்னின் 'கோவா' இருக்கிறது, 2004-இல் வந்தது. ஏலத்துக்கு வரும் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் ஒரே ஒருமுறைதான் விலை சொல்லலாம். அதைத் தேர்ந்தெடுத்தவருக்குக் கடைசி வாய்ப்பு. மற்றவர் வாங்கினால் பணம் அவருக்கு வரும். அவரே வாங்கினால் வங்கிக்குக் கட்ட வேண்டும். தன் பொருளின் விலையை எதுவரை ஏறவிடுவது என்ற தவிப்பு போடி வியாபாரிக்குச் சட்டென்று புரியும். ஆனால் அதில் மிளகும் இஞ்சியும் ஜாதிக்காயும் கிராம்பும் பட்டையும் உண்டு, ஏலக்காய் இல்லை.

அந்தக் குறையைப் போடியிலிருந்தே, ஏலக்காய் விளையாட்டு ஒன்றை நாமே செய்து, தீர்க்கலாம். பெரிய விழாக்களிலும் அச்சேறாத விளையாட்டுகளைக் கையால் வெட்டிய அட்டையோடு கொண்டுவந்து ஆடவைப்பதுண்டு. தமிழர்களுக்கு இது புதிதல்ல. மூன்று புலியும் பதினைந்து ஆடும் மோதும் ஆடுபுலி ஆட்டத்துக்குத் தரையில் கிழித்த கோடும் கூழாங்கல்லும் போதும். சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002-இல் தொடங்கிய 'கிரீடா' இத்தகைய ஆட்டங்களை மீண்டும் வீடுகளுக்குக் கொண்டுபோகிறது.

மாதிரி விளையாட்டைச் சோதிப்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஆட்டம் நடக்கும்போது வடிவமைத்தவர் இடையில் பேசக் கூடாது. ஆடுகிறவர்கள் எந்த விதியில் தடுமாறினார்கள், எந்த இடத்தில் சலித்தார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். 'பிடித்ததா' என்று கேட்டால் முகத்துக்காக எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். மறுபடி ஒரு ஆட்டம் போடலாமா என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.